ஜூலிப்: கடலுக்குப் போய்த் திரும்புகிறவரையும் விட்டுவிடாத உரையாடல் மென்பொருள்

யாரும் பார்த்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பலர் சேர்ந்து எழுதும்போது, நிரலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அந்த நிரலைப் பற்றிய பேச்சை எங்கே வைப்பது என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலான குழுக்கள் யோசிக்காமல் விடை சொல்கின்றன: எல்லோர் கைப்பேசியிலும் வாட்ஸ்அப் இருக்கிறது, ஒரு குழுவைத் தொடங்கிவிடலாம் என்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இயங்கும் எங்கள் தன்னார்வக் குழுவும் அங்கேதான் பிறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் அதை விட்டு ஜூலிப் என்னும் உரையாடல் மென்பொருளில் பேசி வருகிறோம். ஒரு குழுவில் யார் நிலைத்திருக்கிறார்கள், யார் சத்தமில்லாமல் விலகிப் போகிறார்கள் என்பதை, பேசும் இடத்தின் அமைப்பு எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை இந்தக் காலத்தில் கண்ணால் கண்டேன். இந்த மதிப்புரையை எழுதக் காரணம் அதுதான்.

குழுவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூலிப்பின் நன்மைகளில் பாதி எங்களைப் போன்ற கலவையான குழுவுக்கே முழுமையாகப் புரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற வேதனை, நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரையுள்ள எந்தக் கடற்கரை ஊரிலும் இன்றும் ஆறவில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்புகளையும், காற்றின் அறிகுறியே இல்லாமல் கரையில் திடீரென்று எழும் பேரலைகளான கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கைகளையும், நம் கரைக்காரர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி தமிழில் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை நாங்கள் கட்டற்ற உரிமத்தின் கீழ் எழுதி வருகிறோம். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள், தூத்தூர்ப் பகுதியிலிருந்து விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள், வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் செயலியைச் சோதித்துப் பார்க்கும் இல்லத்தரசிகள், தக்கலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று எல்லோரும் இருக்கிறோம். இவர்களில் எவருக்கும் மற்றவர் நேரம் பொருந்தாது.

வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஒரே வரிசையாக ஓடுகிறது. பிழை ஒன்றைப் பற்றிய கேள்வி, கூட்டத்துக்கான நேரம், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ அனுப்பிய வானிலைக் காணொளி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. எப்போதும் கைப்பேசியைக் கையில் வைத்திருக்கிறவர் மட்டுமே அந்த ஓட்டத்தோடு போக முடியும். ஆகவே முடிவுகளும் அவருடையவை ஆகின்றன. மூன்று வாரம் கடலில் இருந்துவிட்டுத் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் இறங்குகிறவர், படிக்காத ஆயிரக்கணக்கான செய்திகளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார். அவரை யாரும் விலக்கவில்லை. ஆனாலும் அவர் விலகிவிட்டார். கட்டற்ற மென்பொருள் உலகில் பன்முகத்தன்மை குறைவாக இருப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வெளிப்படையான அவமதிப்புகளையே நினைக்கிறோம். 2017இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்களாகவும் 3 விழுக்காட்டினர் மட்டுமே பெண்களாகவும் இருந்தார்கள். அத்தகைய எண்ணிக்கைக்கு அவமதிப்பு ஒரு காரணம் என்றால், நாள் முழுவதும் திரையின் முன் இருக்கக்கூடியவருக்கு மட்டுமே இடம் தரும் ஏற்பாடுகளும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஜூலிப் 2012இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சிறு நிறுவனத்தின் தயாரிப்பாகத் தொடங்கியது. எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1980களில் உருவான செஃபிர் என்னும் செய்தி முறையிலிருந்து அதன் அடிப்படை எண்ணம் வந்தது. 2014இல், கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2015இல் முழு நிரலும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. இன்று கந்த்ரா லேப்ஸ் என்னும் நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. உலகெங்கிலுமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு நிரல் எழுதியிருக்கிறார்கள். ரஸ்ட் நிரல்மொழியின் குழுக்களும், கணிதத் தேற்றங்களின் நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் என்னும் மென்பொருளின் சமூகமும் தங்கள் வேலைப் பேச்சை ஜூலிப்பில்தான் நடத்துகின்றன.

அதன் அமைப்பை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பேச்சுகளைப் பிரித்து வைக்கும் அறை போன்ற ஒவ்வொரு சேனலுக்குள்ளும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு உண்டு. எந்தச் செய்தியும் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் போய்ச் சேரும். பலசரக்குக் கடையில் மிளகும் சீரகமும் தனித்தனி டப்பாவில் இருப்பது போல, பேச்சுகள் தனித்தனியே இருக்கின்றன. திரும்பி வருகிறவர் படிக்காத செய்திகளின் மொத்தக் குவியலை எதிர்கொள்ள வேண்டியதில்லை. உள்பெட்டியைத் திறந்தால் எந்தெந்தத் தலைப்பில் எத்தனை செய்திகள் காத்திருக்கின்றன என்று தெரியும். தமக்கு வேண்டியதைப் படித்து, வேண்டாததை ஒரே தட்டலில் தள்ளிவிடலாம். தலைப்பு மாறிப் பேசிவிட்டால் அந்தச் செய்திகளை மட்டும் பிரித்து வேறு தலைப்புக்கு நகர்த்தலாம். பேசி முடித்த தலைப்புக்கு முடிந்தது என்று குறியிடலாம்.

இதன் பயன் என்ன என்பதைக் காட்ட ஒரு தலைப்பின் கதையைச் சொல்கிறேன். செயலியின் வரைபடத்தில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அம்புக்குறிகள் உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் இரண்டையும் ஒரே முறையில் வரைந்து நிரலை அனுப்பியிருந்தார்; பார்த்தவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையால் குறிக்கப்படும், நீரோட்டமோ எந்தத் திசையை நோக்கிப் போகிறதோ அதனால் குறிக்கப்படும் என்பது கடலியலின் அடிப்படை மரபு. கரையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துக் கரை திரும்பிய வள்ளவிளைக்காரர் ஒருவர், உள்பெட்டியில் ‘அம்புக்குறியின் திசை’ என்ற தலைப்பைக் கண்டு திறந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே எழுதினார்: “மக்களே, காத்துக்குப் போட்டது சரிதான். நீவாட்டுக்கு (நீரோட்டத்துக்கு) அப்படிப் போடக்கூடாது. நீவாடு எங்க போகுதுன்னுதான் நாங்க பார்ப்போம். இதை நம்பி வலை விட்டா வலை எதிர்ப்பக்கம் போயிரும்.” மாணவி அன்று மாலையே “சரிண்ணே, மாத்தியிருக்கேன், ஒருக்கா பாத்துச் சொல்லுங்க” என்று புதிய படத்தை அதே தலைப்பில் இட்டார்.

ஒரு மாதம் பழைய பேச்சு அது. வாட்ஸ்அப்பாக இருந்திருந்தால் அந்தப் படம் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. பட்டிருந்தாலும், எல்லோரும் மறந்துவிட்ட பேச்சை மறுபடி எடுப்பதற்கு அவர் தயங்கியிருப்பார். ஜூலிப்பில் பழைய தலைப்புக்குப் பதில் எழுதுவது மிக இயல்பான செயல். அந்தத் தலைப்பு மேலே வந்து நிற்கிறது, அதில் முன்பு பேசியவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். தாமதமாக வந்தவருடைய சொல்லுக்கு அன்றைக்கே பேசியவருடைய சொல்லுக்கு உள்ள அதே எடை கிடைக்கிறது. நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாத அந்த மனிதர்தான் அந்த மாதத்தில் எங்கள் செயலிக்கு மிகப் பெரிய பங்களிப்பைச் செய்தார் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. உயிரோடு தொடர்புடைய மென்பொருளில் அப்படிப்பட்டவரை இழப்பது பெரிய ஆபத்து.

நேரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்தியில் ஒரு நேரத்தை அதற்குரிய குறியீட்டோடு எழுதினால், படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு நேரத்தில் அது தெரியும். துபாயில் இருப்பவர் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டியதில்லை. சிறிய வசதிதான், ஆனால் கூட்டத்துக்கு வரவேண்டியவர் தவறாமல் வருகிறார்.

பெண் பங்களிப்பாளர்களைப் பொறுத்தவரை ஜூலிப் செய்யும் மிகப் பெரிய உதவி, கைப்பேசி எண்ணைக் கேட்காமல் இருப்பது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த மறுகணமே ஒருவருடைய எண் முன்பின் தெரியாத எல்லோருக்கும் போய்விடுகிறது. நம் ஊரில் ஒரு மாணவியின் எண் யாரிடம் இருக்கிறது என்பது அவளுடைய வீட்டாருக்கு எவ்வளவு பெரிய கவலை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரே காரணத்தால் குழுவில் சேராமலே இருந்தவர்கள், ஜூலிப்புக்கு மாறிய பிறகு சேர்ந்தார்கள். இங்கே மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும். அதையும் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியுமாறு வைக்கலாம். தனிச் செய்தி யார் யாருக்கு அனுப்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தலாம். தொல்லை தருகிறவருடைய செய்திகளை உறுப்பினர் ஒருவர் தம் திரையில் மறைத்துக்கொள்ளலாம். நிர்வாகிகளுக்குக் கீழே நெறியாளர் என்ற தனிப் பொறுப்பு உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் முழு உறுப்பினராக ஆவதற்குச் சில நாட்கள் காத்திருக்குமாறும் அமைக்கலாம். 2014இல் உருவாகிப் பல்லாயிரம் திட்டங்கள் ஏற்றுக்கொண்ட ‘பங்களிப்பாளர் உடன்படிக்கை’ என்னும் நடத்தை விதிகளைத் தழுவி எங்கள் விதிகளைத் தமிழில் எழுதினோம். எழுதிய விதியை நடைமுறைப்படுத்துவதற்கு ஏற்ற கருவிகள் கையில் இருந்தால்தான் அந்த விதிக்கு மதிப்பு.

புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று, சேனல்களை இணையத்தில் யாரும் கணக்குத் தொடங்காமலே படிக்கும்படி திறந்து வைக்கும் வசதி. எங்கள் சேனல்களில் பெரும்பாலானவற்றை அப்படித்தான் வைத்திருக்கிறோம். சேரலாமா என்று யோசிக்கிற ஒரு மாணவர், இங்கே எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், தெரியாததைக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கிட்ஹப்போடு இணைத்துவிட்டால் ஒவ்வொரு நிரல் மாற்றக் கோரிக்கைக்கும் தனித் தலைப்பு தானாகவே உருவாகிறது. பிழையின் எண்ணை எழுதினால் அந்தப் பிழைக்கான இணைப்பாகவும் அது மாறும்படி அமைக்கலாம்.

ஜூலிப்பின் சொந்தப் பங்களிப்பாளர் சமூகத்தையும் இந்த மதிப்புரையில் சேர்க்காமல் விட முடியாது, ஏனென்றால் எங்கள் குழு அவர்களிடமிருந்து நடைமுறைகளையும் எடுத்துக்கொண்டது. அவர்களுடைய ஆவணங்கள் ஒன்றரை லட்சம் சொற்களுக்கு மேல் நீள்கின்றன. முதல்முறை நிரல் அனுப்புகிறவருக்காகவே எழுதப்பட்ட பகுதிகள் அவற்றில் நிறைய. பிழைப் பட்டியலில் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் ஒரு தானியங்கிக்குச் செய்தி எழுதினால் அது அவர் பெயரில் பதிவாகிறது. நெடுநாள் அசைவில்லை என்றால் தானியங்கி முதலில் நினைவூட்டி, பின்பு அந்த வேலையை மற்றவர்களுக்காக விடுவிக்கிறது. முதல் வேலை ஏற்கப்படும் வரை புதியவர் ஒரே நேரத்தில் ஒரு வேலையைத்தான் எடுக்கலாம். இதைக் கண்டிப்பு என்று முதலில் நினைத்தேன். பழகிய பிறகு இது கருணை என்று புரிந்தது: முடிக்க முடியாமல் போனவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, காத்திருப்பவரும் யாரையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பராமரிப்பாளர்களின் களைப்பையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் கருவியில், வெளியாள் கணினிக்குள் நுழைய வழிவிடும் மறைவான பின்கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. உலகின் எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அந்தக் கருவியை, களைத்துப்போன ஒருவர் ஏறத்தாழத் தனியாகவே தாங்கி வந்தார். உதவ வந்தவராக நடித்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்துத் தீய நிரலை நுழைத்தார். பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று சில கணக்குகள் அந்தப் பராமரிப்பாளரை நெருக்கவும் செய்தன. ஒரு திட்டத்தின் அறிவு முழுவதும் ஒருவர் தலையிலும் அவருடைய தனிச் செய்திகளிலும் இருப்பது எவ்வளவு கேடானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தலைப்பு வாரியாகத் திறந்த சேனலில் பேசும்போது, ஏன் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு மூத்தவர் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பின் இணைப்பைக் கொடுத்தால் போதும், பல நேரங்களில் வேறொரு இளையவரே அதைக் கொடுத்துவிடுகிறார். எங்கள் குழுவில் கேள்விகளுக்கு விடை சொல்கிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. நான் இந்த மென்பொருளுக்கு நன்றி சொல்ல இது ஒன்றே போதும்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது மதிப்புரை ஆகாது. முதல் குறை குரல். கடற்கரையில் பலர் தட்டச்சு செய்வதைவிடப் பேசுவதையே விரும்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசிவிட்டு விரலை எடுத்தால் செய்தி போய்விடும். ஜூலிப்பில் ஒலிப்பதிவைக் கோப்பாகத்தான் ஏற்றுகிறோம். அந்த எளிமை அதில் கிடைப்பதில்லை. எழுத்தில் தயக்கம் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் எந்தக் குழுவுக்கும் இது உண்மையான தடை. இப்போதைக்கு இளையவர் ஒருவர் அவர்களுடைய குரல் பதிவுகளை வாங்கி, எழுத்தாக்கி, அவர்கள் பெயரைக் குறிப்பிட்டு உரிய தலைப்பில் இடுகிறார். இது எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

இரண்டாவது, தமிழில் தேடுவது. ஜூலிப்பின் இயல்பான தேடல் ஆங்கிலச் சொற்களின் வடிவ மாற்றங்களை மட்டுமே அறியும். ‘அலை’ என்று தேடினால் ‘அலையின்’, ‘அலைகளால்’ என்று எழுதப்பட்ட செய்திகள் எளிதில் அகப்படுவதில்லை. எல்லா மொழிகளுக்கும் ஏற்ற பிஜிகுரூங்கா என்னும் நீட்சி உண்டு. சொந்தச் சேவையகத்தில், அதாவது எப்போதும் இணையத்தில் இயங்கும் தங்கள் கணினியில், ஜூலிப்பை நிறுவுகிறவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் ஜூலிப் நிறுவனத்தின் கணினிகளில் இயங்கும் சேவையையே பயன்படுத்துவதால், தலைப்புகளுக்குப் பெயர் வைப்பதில் நாங்கள் கூடுதல் கவனம் எடுக்கிறோம். இடைமுகத்தின் தமிழாக்கமும் முழுமையாக இல்லை. இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது.

பழகுவதற்குச் சிறிது காலம் வேண்டும் என்பதையும் மறைக்கக்கூடாது. எங்கள் குழுவில் முதல் சில வாரங்கள் எல்லோரும் ஒரே தலைப்பிலேயே எல்லாவற்றையும் எழுதினார்கள். அவற்றைப் பிரித்து நகர்த்தும் வேலையை ஒருவர் சலிக்காமல் செய்ததால்தான் பழக்கம் வந்தது. அப்படி ஒருவர் இல்லாத குழுவுக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். பழைய கைப்பேசிச் செயலி மெதுவாக இருந்தது. 2025 ஜூனில் ஃபிளட்டர் என்னும் செயலி உருவாக்கும் கருவியில் புதிதாக எழுதப்பட்ட செயலி வந்த பிறகு, விலை குறைந்த கைப்பேசிகளிலும் எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை.

செலவைப் பொறுத்தவரை, ஜூலிப் நிறுவனமே தன் கணினிகளில் நடத்தித் தரும் மேகச் சேவையில் கட்டணமில்லாத் திட்டம் உண்டு. அதில் கடைசி 10,000 செய்திகளை மட்டுமே தேடிப் பார்க்க முடியும். கட்டணத் திட்டம் ஆண்டுச் சந்தாவாகக் கட்டினால் ஒருவருக்கு மாதம் 6.67 டாலர். கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் விண்ணப்பித்தால் அந்தத் திட்டத்தையே இலவசமாகத் தருகிறார்கள். நாங்கள் அப்படித்தான் பயன்படுத்துகிறோம். உபுண்டு அல்லது டெபியன் என்னும் லினக்ஸ் வகை நிறுவப்பட்ட, 2 ஜிபி நினைவகம் உள்ள சேவையகம் ஒன்று இருந்தால் நாமே நிறுவிக்கொள்ளவும் முடியும். எல்லாச் செய்திகளையும் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்டு மேகத்திலிருந்து சொந்தச் சேவையகத்துக்கு மாறிவிடலாம் என்பதால், பேச்சு எங்கள் உடைமையாகவே இருக்கிறது.

புதியவருடைய முதல் செய்திக்குப் பதில் எழுதும் வேலையை எந்த மென்பொருளும் செய்வதில்லை. ‘அறிமுகம்’ என்ற சேனலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாளுக்குள் யாராவது ஒருவர் பதில் எழுத வேண்டும், அவருக்கு ஏற்ற சிறு வேலை ஒன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதை முறை வைத்துச் செய்கிறோம். சோதித்தவர், மொழிபெயர்த்தவர், கடலில் வைத்துச் சரிபார்த்தவர் ஆகியோரின் பெயர்களும் நிரல் எழுதியவர்களின் பெயர்களோடு ஒரே பட்டியலில் செயலியில் இடம்பெறுகின்றன. அவசர எச்சரிக்கைகளுக்காக மட்டும் வாட்ஸ்அப் குழுவை இன்னும் வைத்திருக்கிறோம். கள்ளக்கடல் வரும் நாளில் ஒருவரும் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது என்பதால் அதை மூடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.